ஆறாம் அத்தியாயம்: சரிவான முன்வாசல்

மலைப் பிரதேசத்தில் வீடு கட்டி முடித்து, கொத்தனாரும் தச்சரும் கணக்குத் தீர்த்துக்கொண்டு போன பிறகு, உடைந்த செங்கல்லும் சிமெண்டுச் சாக்கும் சிதறிக் கிடக்கும் வெறுமையான முன்வாசலைப் பார்த்து நிற்கும் வீட்டுக்காரருக்கு முதலில் உதிக்கும் எண்ணம், பெரும்பாலும், அந்தச் சரிவை எப்பாடு பட்டாவது மட்டமாக்கிவிட வேண்டும் என்பதுதான். சமவெளியில் பிறந்து வளர்ந்து, உத்தியோகம் முடிந்து ஓய்வுக்காலத்தைக் குன்னூரிலோ கோத்தகிரியிலோ கழிக்க வந்தவர்களுக்கு இவ்வெண்ணம் இன்னும் பலமாக எழும். வாசல் என்றாலே தண்ணீர் தெளித்துக் கோலம் போடத்தக்க சமதளம் என்று அவர்கள் கண்கள் பழகியிருக்கின்றன. சரிவின் பெரும்பகுதியைச் சரிவாகவே விட்டு, உட்காரவும் நடக்கவும் வண்டி நிறுத்தவும் வேண்டிய அளவு மட்டும் மட்டமாக்கி, மழைநீருக்கு முதலில் வழி வகுத்துவிட்டு, செடிகொடிகளைப் பற்றிக் கடைசியில் யோசிப்பதே முறை என்பது என் அபிப்பிராயம். இந்த அத்தியாயம் முழுவதும் அதற்கான விளக்கமே.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. குன்னூரில் 1874-ஆம் ஆண்டில் உருவான சிம்ஸ் பூங்காவுக்குள் ஒரு காலைப்பொழுது நடந்து பார்த்தால் போதும். பள்ளத்தாக்கு ஒன்றின் இரு கரைகளிலும் ஏறக்குறைய பன்னிரண்டு ஹெக்டேர் விஸ்தீரணத்தில் பரந்து கிடக்கும் அந்தப் பூங்காவில், மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பும் பிரயத்தனம் பெரிதாக நடக்கவில்லை. பாதைகள் சரிவைக் குறுக்கே அளந்துகொண்டு மெல்ல இறங்குகின்றன, நீர் தாழ்ந்த இடத்தில் போய்ச் சேருகிறது, மரங்கள் நின்ற இடத்தில் நிற்கின்றன. 1848-இல் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து வந்த மேக்ஐவர் என்பவர் உதகமண்டலத்தில் அரசினர் தாவரவியல் பூங்காவை அமைக்கத் தொடங்கியபோதும், படிப்படியான மேடைகளாகவே அந்த மலைச்சரிவை வகுத்தார். நம்முடைய முன்வாசல் அவற்றுக்கு முன்னே உள்ளங்கை அளவுதான் என்றாலும், மண்ணும் நீரும் நடந்துகொள்ளும் விதம் இரண்டிடத்திலும் ஒன்றே.

அழகு ஒருபுறம் இருக்க, அபாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. குன்னூர், கேத்தி வட்டாரங்களில் ஆங்காங்கே மண் சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய மழையைத் தனி ஒரு வீட்டுக்காரரின் கல்கட்டு தடுத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், மலையின் அடிக்காலை வெட்டிவிட்டு, வெட்டிய முகத்தை வெறுமையாக விட்டு, கூரை நீரையும் அதன் தலையில் இறக்கிவிடும் வழக்கம் இருக்கிறதே, அது சாதாரண ஐப்பசி மழைக்கே தாங்காது. இந்த ஞாபகத்தோடு மேலே படிக்கவும்.

பேச்சு தெளிவாக இருக்கும்பொருட்டு ஒரு மாதிரி வாசலை எடுத்துக்கொள்வோம். வீடு மேலே, சாலை கீழே. வீட்டுச் சுவரிலிருந்து சாலை விளிம்பு வரை 32 அடி. அகலம் 40 அடி. இறக்கம் 8 அடி. நாலடி போனால் ஓர் அடி இறங்குகிறது என்று கணக்கு. நீலகிரியில் இது நடுத்தரமான சரிவு. பத்தடிக்கு ஓர் அடி இறங்கும் வாசலாக இருந்தால் புல் மட்டும் போட்டு நிம்மதியாக இருந்துவிடலாம், இந்த அத்தியாயமே தேவையில்லை. இரண்டடிக்கு ஓர் அடி என்று செங்குத்தாக இறங்குவதாக இருந்தால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒரு பொறியாளரை அழைத்து வருவது நல்லது.

இறக்கத்தைக் கண்ணால் மதிப்பிடுவது ஏமாற்றம் தரும். மேலிருந்து பார்த்தால் ஒருவிதமாகவும் கீழிருந்து பார்த்தால் வேறுவிதமாகவும் தோன்றும். கொத்தனார்கள் கையில் வைத்திருக்கும் டியூப் லெவல் என்னும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயே இதற்கு உத்தமமான கருவி. குழாயில் நீர் நிரப்பி, உள்ளே காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாதபடி விரலால் தட்டி வெளியேற்றி, ஒரு முனையை வீட்டு வாசற்படியிலும் மறுமுனையைச் சாலையோரம் நட்ட உயரமான கம்பிலும் பிடித்தால், இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். கம்பில் அந்த மட்டத்துக்கும் தரைக்கும் உள்ள உயரத்திலிருந்து, படியில் நீர் நிற்கும் உயரத்தைக் கழித்தால் கிடைப்பதே இறக்கம். இதேபோல் குறுக்கேயும் அளந்து, ஒரே மட்டமுள்ள இடங்களை முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டிக் குறித்துக்கொள்ள வேண்டும். அப்படிக் கட்டிய கயிறு நேராக ஓடாது. நிலத்தின் வளைவுக்குத் தக்கபடி வளைந்து ஓடும். பின்னால் செடிவரிசை நடுவதற்கும் நீர்ச்சால் வெட்டுவதற்கும் அந்த வளைவையே பின்பற்ற வேண்டுமாகையால், குச்சிகளைப் பிடுங்கிவிடாமல் வைத்திருக்கவும். தேயிலைத் தோட்டங்களில் புதர்வரிசைகள் மலையைச் சுற்றி வளைந்து போவதன் காரணமும் இதுவே.

அளந்தது போதாது, ஒரு நல்ல மழையில் குடை பிடித்துக்கொண்டு வெளியே நின்று பார்க்கவும் வேண்டும். நீர் எங்கே கூடுகிறது, எங்கே கலங்கி ஓடுகிறது, அண்டை வீட்டிலிருந்து எதுவும் உள்ளே வருகிறதா என்பவற்றை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டவருக்குப் பாதி வேலை முடிந்தது. அதோடு இரண்டு மூன்று இடங்களில் இரண்டடி ஆழத்துக்குக் குழி தோண்டிப் பார்க்கவும். மேலே கறுத்த மண், கீழே செம்மண், அதற்கும் கீழே உளுத்த பாறை என்று அடுக்கு தெரிந்தால் அது இயற்கை நிலம். செங்கல் துண்டும் பாலிதீன் பையும் வந்தால், வீடு கட்டியபோது வெட்டிய மண்ணை அங்கே தள்ளி மூடியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த மண்ணின்மேல் எந்தச் சுவரையும் நிறுத்தக்கூடாது.

இனி ஜலக் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். நம் மாதிரி வாசல் 1,280 சதுர அடி, அதாவது சுமார் 119 சதுர மீட்டர். பத்து சென்டிமீட்டர் மழைக்கு அதன்மேல் 11,900 லிட்டர் விழும். ஆயிரம் சதுர அடிக் கூரை அதன் பங்குக்கு இன்னும் 9,300 லிட்டரைக் கொண்டுவந்து கொட்டும். ஏறக்குறைய இரண்டு தண்ணீர் லாரி நீர், எட்டடி இறக்கத்தில், தோண்டிய மண்ணின்மேல் ஓடினால் என்னவாகும் என்பதை நான் வருணிக்க வேண்டியதில்லை. ஆகவே கூரை நீர் வாசலில் ஒரு சொட்டும் விழாதபடி குழாய் வழியே தொட்டிக்கோ பக்கவாட்டு ஓடைக்கோ போக வேண்டும் என்பது முதல் விதி. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம் என்பதால், சமவெளிப் பழக்கத்தில் சிலர் உறிஞ்சுகுழியைத் தடுப்புச் சுவருக்கு நேர் பின்னால் வெட்டிவிடுகிறார்கள். சரிவில் அது மிகவும் விபரீதமான காரியம். சுவரின் முதுகில் நீரைச் சுமத்துவதற்குச் சமானம். மலையில் மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைக்கலாம்; சுவருக்குப் பின்னால் மண்ணுக்குள் இறக்கக்கூடாது.

வாசலின் ஒரு பக்க எல்லையை ஒட்டி, மேலிருந்து கீழ்வரை, கல் பாவிய ஓடை ஒன்று வேண்டும். ஓர் அடி அகலமும் முக்கால் அடி ஆழமும் போதும். அது சறுக்குமரம்போல் வழவழப்பாக இருக்கக்கூடாது. சிறு சிறு படிகளாக இறங்கினால் ஒவ்வொரு படியிலும் பிரவாகத்தின் வேகம் உடையும். குறுக்குச் சால்கள் இந்த ஓடையில் வந்து சேரும் இடங்களில், தேயிலைத் தோட்டங்களில் செய்வதுபோல, ஒரு முழ ஆழத்துக்கு வண்டல்குழி அமைத்தால் அடித்துவரும் மண் அங்கே தங்கும். அதை அள்ளி மீண்டும் பாத்தியில் போட்டுக்கொள்ளலாம். ஓடையின் கடைவாய் சாலை வடிகாலில் முடிய வேண்டும். அண்டை வீட்டாரின் வாசலில் முடிந்தால் அது மண்ணரிப்போடு நிற்காமல் வழக்குமன்றம் வரை போகும்.

இப்போது மண்வேலைக்கு வருவோம். எட்டடி இறக்கத்தையும் சாலையோரம் ஒரே எட்டடிச் சுவர் எழுப்பி நிரப்பிவிடலாம் என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். பார்வைக்குக் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் மண் சுவரைத் தள்ளும் விசை உயரத்தோடு நேர்விகிதத்தில் வளர்வதில்லை: உயரம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு, சுவரைக் கவிழ்க்கும் பலமோ எட்டு மடங்கு. மழையில் ஊறிய மண் ஒரு கன அடி ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், எட்டடிச் சுவர் எத்தகைய பொறுப்பு என்பது விளங்கும். அதே இறக்கத்தை இரண்டு சிறு சுவர்களாலும் இடையே ஒரு செடிச்சரிவாலும் பங்கிட்டுக்கொண்டால், ஊர்க் கொத்தனாரே பயமின்றிக் கட்டிவிடக்கூடிய வேலையாகிவிடுகிறது.

பங்கீடு இப்படி இருக்கட்டும். வீட்டை ஒட்டிப் பத்தடிக்கு ஒரு மேல்திட்டு. அதன் விளிம்பில் இரண்டரை அடிச் சுவர். அடுத்த பதினான்கு அடி இயற்கைச் சரிவு, தொடாமல் விடப்படும். கடைசி எட்டடி சாலை மட்டத்தில் ஒரு கீழ்த்திட்டு. அதன் முதுகில் இரண்டடிச் சுவர். மேல்திட்டை நிரப்பி உண்டாக்குகிறோம். வீட்டருகே வெட்டினால் அஸ்திவாரம் வெளிப்பட்டுவிடும். கீழ்த்திட்டை வெட்டி உண்டாக்குகிறோம். மேலே நிரப்ப வேண்டியது 500 கன அடி. அதில் சுவருக்குப் பின்னால் ஓர் அடி அகலத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி போடப்போவதால், ஜல்லிக்காரர் பாஷையில் ஒரு யூனிட், அதாவது 100 கன அடி, கழிந்துவிடும். மீதி 400. கீழே வெட்டுவதில் 320 கன அடியும், இரண்டு சுவர்களின் வாணத்தில், அதாவது அஸ்திவாரக் குழியில், சுமார் 90 கன அடியும் கிடைக்கின்றன. வெளியிலிருந்து ஒரு லாரி மண்ணும் வாங்க வேண்டாம், ஒரு லாரி மண்ணையும் ஓடையில் கொட்ட வேண்டாம். இந்தக் கணக்கைத் தம் வாசலுக்குத் தகுந்தபடி போட்டுப் பார்க்காமல் மண்வெட்டியை எடுப்பவர் இரண்டு முறை கூலி கொடுப்பார். வெட்டத் தொடங்கும்முன் மேலாக உள்ள அரையடிக் கறுத்த மண்ணைத் தனியே குவித்து, சாக்குப் போட்டு மூடி வைக்கவும். அது கடைசியில் பாத்திக்குத் தேவைப்படும். நிரப்பும் மண்ணை அரையடி அரையடியாகப் பரப்பி, லேசாக நனைத்து, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும்.

மூன்றடிக்கு உட்பட்ட சுவருக்குச் சிமெண்டு வேண்டியதில்லை என்று நான் துணிந்து சொல்வேன். கருங்கல்லைச் சாந்தின்றி அடுக்கும் கட்டு, தன் இடுக்குகள் வழியே நீரைக் கசியவிட்டு, முதுகில் பாரம் சேராமல் காத்துக்கொள்கிறது. மண் சற்று அசைந்தாலும் தானும் அசைந்து அமர்கிறது. வாணம் முக்கால் அடி. அடி அகலம் ஒன்றரை அடி. உயரம் ஏற ஏற, ஓர் அடிக்கு இரண்டங்குலம் வீதம் சுவர் மேட்டுப்பக்கமாகச் சாய வேண்டும். பெரிய கல் அடியில். இரு கல்லின் இணைப்பு அதன் மேல்வரிசைக் கல்லின் நடுவில் வர வேண்டும். நாலைந்து அடிக்கு ஒன்றாக, முகத்திலிருந்து முதுகுவரை நீளும் கல்லைக் குறுக்கே போட வேண்டும். கொத்தனார் அடுக்கிய கல்லைக் காலால் மிதித்துப் பாருங்கள். ஆடினால் சில்லுக்கல் செருகச் சொல்லுங்கள், முகத்தில் அழகாகத் தெரிகிறதே என்று விட்டுவிட வேண்டாம். சாந்து பூசித்தான் கட்டுவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், ஐந்தடிக்கு ஒன்றாக மூன்றங்குலக் குழாயைச் சுவரின் அடியில் வைத்து நீர் வெளியேற வழிவிடச் சொல்லவும். அவற்றை வீப் ஹோல் என்றால் அவருக்கு உடனே புரியும். மேல்திட்டின் தளம் வீட்டை நோக்கியும் சரியக்கூடாது, சுவரை நோக்கியும் சரியக்கூடாது; பக்கவாட்டு ஓடையை நோக்கி, நாற்பது அடிக்கு ஆறங்குலம் இறங்கினால் கண்ணுக்கும் தெரியாது, நீரும் தேங்காது.

படிக்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டப்படி வீட்டுப்படியைவிடத் தாழ்வாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும்: உயரம் ஆறங்குலம், மிதிதளம் பதினான்கு அங்குலம். எட்டடிக்குப் பதினாறு ஏற்றம் வரும். நடுவில் மூச்சு வாங்க நாலடித் திட்டு ஒன்றும் சேர்த்தால் இருபது அடிக்கு மேல் நீளம் தேவைப்படும். நமக்கு இரு திட்டுகளுக்கும் இடையே உள்ளதோ பதினான்கு அடி. நேராக இறக்கப் பார்ப்பவர் படியைக் குறுக்கி, முதியவர் முழங்காலை வதைப்பார். பக்கவாட்டில் ஏறக்குறைய பதினைந்து அடி நகர்ந்தபடி கோணலாக இறக்கினால் அளவு கச்சிதமாகப் பொருந்தும், சரிவும் குறுக்கே நடக்கையில் இரட்டிப்பு அழகாகத் தெரியும்.

செடிகளுக்கு இப்போதுதான் முறை. நடுச்சரிவில், முன்பு குறித்த மட்டக்கயிற்றின் வளைவிலேயே, ஐந்தடி இடைவெளியில் இரண்டு வரிசை வெட்டிவேர் நடவும். அரையடிக்கு ஒரு தூராக வரிசைக்கு எண்பது தூர் வேண்டும். பக்கவாட்டில் பரவாமல் பத்தடிக்கும் கீழே நேராக இறங்கும் அதன் வேர் மண்ணைத் தைத்துவிடும். மேலிருந்து உருண்டுவரும் மண் வரிசைக்குப் பின்னால் தங்கி, சில வருஷங்களில் தானே ஒரு வரப்பாகிவிடும். வெட்டிவேருக்கு வெயில் அவசியம். நிழலில் மெலிந்துபோகும், உதகையின் உறைபனியிலும் மந்தப்படும். அங்கெல்லாம் தேயிலைச் செடியையே வேலியாக வைக்கலாம். வரிசைகளுக்கு இடையே ரோஸ்மேரி, ஜெரேனியம், அகபாந்தஸ் ஆகியவற்றை நெருக்கி நட்டு, அவை படரும்வரை காய்ந்த புல்லால் மண்ணை மூடி வைக்கவும். வெறும் மண் ஒரு கையகலமும் மழைக்குத் தெரியக்கூடாது. கிக்குயூப் புல் விரைவில் பிடித்துக்கொள்ளும் என்று பலர் சிபாரிசு செய்வார்கள். உண்மைதான், ஆனால் பிறகு அது பாத்தியையும் படியையும் பிடித்துக்கொள்ளும். சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் சரிவில் புதிதாக நட வேண்டாம். மலையில் இருப்பவையே அதிகம்.

சுவரடியில் ஹைட்ரேஞ்சியா மிகப் பொருத்தம். நீலகிரி மண் புளிப்பு மிகுந்தது. அதில் அந்தப் புஷ்பம் நீலமாக மலரும். சாந்துச் சுவரை ஒட்டி வைத்த செடிமட்டும் இளஞ்சிவப்பாகப் பூத்தால் வியக்க வேண்டாம், சுவரின் சுண்ணாம்பு மண்ணில் இறங்கியிருக்கிறது.

பழமரங்களைப் பற்றி எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பிளம்ஸும் பேரியும் பீச்சும் இங்கே நன்றாக வரும். ஆனால் கோத்தகிரிப் பக்கம் பழம் பழுத்த வாசனைக்குக் கரடி வாசலுக்கே வந்துவிடும். முன்வாசலில் பழமரம் வைப்பது, இருட்டியபின் கதவைத் திறக்கும் குடும்பத்தாருக்கு ஹிதமன்று. காட்டெருமைக்கோ பழம்கூடத் தேவையில்லை. ரோஜாத் துளிரையும் புல்லையும் மேய்ந்துவிட்டு, இரண்டடிச் சுவரை அலட்சியமாகத் தாண்டிப் போகும். அதன் கனத்துக்கு மேல்வரிசைக் கல் பெயரும் என்பதால், அந்த வரிசையை மட்டும் சாந்தில் பதிப்பது புத்திசாலித்தனம். வாசனை காட்டமான ரோஸ்மேரி, ஜெரேனியம் வகைகளை அது அவ்வளவாகச் சீண்டுவதில்லை. மேலே அவற்றை நான் முதலில் குறிப்பிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

காலத்தைப் பொறுத்தவரை, குன்னூர், கோத்தகிரி பக்கம் கனமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வருகிறது. உதகைக்கு மேற்கே ஆனி, ஆடியில் வருகிறது. ஆகவே மண்வேலையும் கல்வேலையும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையே முடிய வேண்டும். கோடைமழை விழுந்தவுடன் வெட்டிவேரும் மற்ற செடிகளும் நடப்பட வேண்டும்; அப்போதுதான் பெருமழைக்குமுன் வேர் பிடிக்க அவகாசம் கிடைக்கும். மண்வாரி இயந்திரம் கொண்டுவருவதற்கு இந்த மாவட்டத்தில் நிர்வாகத்தின் முன் அனுமதி தேவை. நம் மாதிரி வாசலுக்கு நாலு ஆளும் மண்வெட்டியுமே போதும், அதுவே நல்லது.

வருஷந்தோறும் செப்டம்பரில் ஓடையையும் வண்டல்குழியையும் துப்புரவாக்கி, சுவர் எங்கேனும் வயிறு தள்ளியிருக்கிறதா என்று பக்கவாட்டில் நின்று நூல் பிடித்துப் பார்க்கவும். தள்ளியிருந்தால் பூசி மறைக்க வேண்டாம். அந்த இடத்தைப் பிரித்துப் பின்னால் அடைத்திருக்கும் மண்ணை அகற்றி, ஜல்லியிட்டு மறுபடி அடுக்கவும். மூன்றடிக்கு மேல் சுவர் வேண்டும் என்று யார் எவ்வளவு அனுபவத்தோடு சொன்னாலும், பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடம் கைக்கு வராமல் வாணம் தோண்ட அனுமதிக்காதீர்கள்.